குறையுள்ள பாகத்தை மாற்றக் காரைக் கொண்டுவரச் சொல்லி ரீகால் கடிதம் வந்திருக்கிறது, ஆனால் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. கொண்டுபோகத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, நான்கு வருடத்துக்கு முந்தைய என் மேல். நீங்கள் எழுதியது இது: பழைய ஜப்பான் கார், வாங்கி ஆறு மாதம், பயணி பக்கத்து ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை (விபத்தில் காற்றுப்பையை ஊத வைக்கும் பாகத்தை) மாற்றச் சொல்லிக் கடிதம், சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ சான்றிதழ் முடிய இரண்டே வருடம். இணையத்தில் தேடினால் அதே மாடலுக்கு கியர் நடுக்கம், ஏசி கோளாறு என்று நூறு புகார். "இதில் எதற்குத்தான் பயப்படுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கியருக்கு அப்புறம் பயந்துகொள்ளலாம். கடிதத்துக்கு இப்போதே பயப்படுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு வேலை பார்ப்பவன். தெரிந்தவர்கள் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

என்னுடையதும் பேரலல் இம்போர்ட் கார்தான் (அதிகாரபூர்வ முகவர் அல்லாத கடை இறக்குமதி செய்தது), ஒரு நண்பரிடமிருந்து வாங்கினேன். சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு நடுக்கம். சிவிடி என்ற தானியங்கி கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து அந்த மாடலைப் பற்றி உலகத்தில் யார் என்ன எழுதினாலும் படித்தேன். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு ஒன்று, கார் வைத்திருப்பவர்களின் புகார்களை இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதில் முங்கியே போனேன். அங்கே யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம், ஒவ்வொன்றையும் சரிபார்த்துப் போடுவதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒரே மாதிரிப் புகார்கள் குவிந்தால் விசாரணை வரலாம், அது ரீகாலில் முடியலாம். போதாததற்கு, பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே விற்கும் காரில் என்ஜினும் கியரும் வேறாக இருக்கலாம்.

ரீகால் இருக்கிறதா என்று அங்கேயே தேடியும் பார்த்தேன். 17 எழுத்து எண் கேட்டது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களின் சேஸி எண் அதைவிடச் சின்னது, அதனால் ஏற்கவில்லை. சரி, நம் காருக்கு ரீகால் இல்லை போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் நம் வண்டிக்கு ரீகால் இருக்கிறதா என்று பார்க்க வசதி இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. கியர் எண்ணெயை மட்டும் இரண்டு தடவை மாற்றினேன். காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அங்கிள், "இந்த வண்டி இப்படித்தான், சும்மா ஓட்டு" என்றார். நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் எரிபொருள் பம்ப்பை மாற்ற வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. கார் கடைக்காரர்கள் சர்வீஸ் தள்ளுபடி என்று அனுப்புவார்களே, அந்த மாதிரிதான் இருந்தது. மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. பம்ப்பில் சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை. நான் ஏன் கவலைப்படப் போகிறேன்?

ஒரு ஞாயிறு இரவு எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் அம்மா, பின்னால் மனைவியும் மகனும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் மண்டாய் தாண்டியதும் என்ஜின் அணைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் இல்லை, டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. நான் வலது ஓரத் தடத்தில் இருந்தேன். பின்னால் வந்த லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. மிச்சமிருந்த வேகத்தில் எப்படியோ உருட்டி இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அம்மா கேட்டது: "ஏம்பா, போகும்போது எல்லைல முக்கால் டேங்க் இருக்கணும்னு அவ்வளவு பாத்தியே, வரும்போது பெட்ரோல் போடலையா?"

டேங்க் நிறையத்தான் இருந்தது. உள்ளே இருந்த பம்ப்பின் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி, உப்பி, சுற்ற முடியாமல் நின்றுபோயிருந்தது. கடிதத்தில் எழுதியிருந்தது இதையேதான். வண்டியை இழுத்துப்போக ஆள் வந்து, காசு வாங்காமல் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் விட்டார்கள். அந்த விஷயத்தில் ஊரைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் கடிதத்திலிருந்த எண்ணுக்கு போன் செய்தால், இறக்குமதி செய்த கடையையே மூடிவிட்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோவது என்று தெரியவே மூன்று வாரம். மாற்றியது இலவசம், ஒரு மதியத்தில் வேலை முடிந்தது.

"காரை விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று சிலர் எழுதுவீர்கள். 2023 அக்டோபரில் சின்ன கார் சிஓஇ 106,000 சிங்கப்பூர் வெள்ளி. கார் இல்லாமல், வெறும் காகிதத்துக்கு. அதனால்தான் நான் ஐந்து வருடம் புதுப்பித்தேன். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்ததை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதும் தெரியும், யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.    

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் பம்ப்பாவது வண்டியை நிறுத்தித் தன்னைக் காட்டிக்கொண்டது. இன்ஃப்ளேட்டர் அடுத்த விபத்து வரை வாயே திறக்காது. டக்காட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் நடந்தது இதுதான். காற்றுப்பையை ஊத வைத்தது அம்மோனியம் நைட்ரேட். பலவற்றில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் சேர்க்கவில்லை. வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் பட்டு அந்த நைட்ரேட் கெட்டுப்போனால், வெடிக்கும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூடே துண்டுகளாகச் சிதறும். அமெரிக்காவில் மட்டும் திரும்பப் பெறச் சொன்னவை சுமார் 67 மில்லியன். 2017 ஜூனில் நிறுவனமே திவாலானது. ஆனால் எனக்கு உறைத்தது பக்கத்து மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் நடந்தது. 2014 ஜூலையில் சிபுவில் குறைந்த வேகத்தில் நடந்த மோதலில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். வெயிலும் புழுக்கமும் அங்கே எப்படியோ அப்படித்தான் இங்கேயும். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் பல வருடம் வெந்த கார் உங்களுடையது.

வண்டியின் கட்டாய இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், அங்கே இன்ஃப்ளேட்டரைப் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் ஒன்மோட்டாரிங்கில் பாருங்கள். கடிதம் அனுப்பியவர் கடையை மூடியிருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள், எனக்கு வழி கிடைத்தது அப்படித்தான். பாகம் வரக் காத்திருக்கச் சொன்னால், அதுவரை காரை ஓட்டலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணி பக்கம் என்றுதானே கடிதத்தில் இருக்கிறது? மாற்றும் வரை முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். அம்மா கோபித்துக்கொண்டாலும் பின்னால்தான்.