தாழ்வு, தாழ்மை, கீழ்மை: மூன்றும் ஒன்றா?

மூன்றுக்கும் ஒரே பொருள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மழைச் செய்தியில் வரும் ‘தாழ்வான பகுதி’ வெறும் பள்ளம். தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான். தாழ்மை என்பது பணிவு. விடுப்புக் கடிதத்தில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்கிறோமே, அங்கே ‘கீழ்மையுடன்’ என்று எழுதிப் பாருங்கள், விடுப்பு கிடைத்த மாதிரிதான்!

கீழ்மை குணக்கேடு. இருக்கும் இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்கிறது 973ஆம் குறள்: ‘கீழிருந்தும் கீழல்லார் கீழல் லவர்’. பேச்சுவழக்கில் இதற்கு ‘மட்டமான ஆளு’. அதே மட்டம், அணையின் நீர்மட்டம் என்னும்போது திட்டு இல்லை.

மனநிலைக்கு இவை ஒட்டாது. மனம் சோரும், தளரும், உடையும். ‘மனம் தாழ்ந்துவிட்டது’ என்று யாரும் புலம்புவதில்லை. ‘தாழ்வு மனப்பான்மை’ வேறு, அது தன்னைக் குறைத்து எண்ணுவது.