லைம் நோய் எப்படிப் பரவுகிறது, அதற்குச் சிகிச்சை என்ன?

1975-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊர்ப்புறத்துச் சிறுவர் பலருக்கு மூட்டுவீக்கம் கண்டதை ஆராயப் போய் வெளிப்பட்ட இந்நோய்க்குக் காரணம், விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபர் அடையாளம் கண்ட சுருள் வடிவ பாக்டீரியா. அங்கே அது வெள்ளைக்கால் எலிகளின் உடலில் தங்கி, அவற்றைக் கடிக்கும் உண்ணிகளின் வழியே மனிதருக்கு வருகிறது. பழி மான்மீது விழுந்தாலும், மான் உண்ணிகளுக்கு உணவாகிறதே தவிர கிருமியை அளிப்பதில்லை. கசகசா அளவே உள்ள இளம் உண்ணி வலியின்றிக் கடிப்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் கிருமி உடலில் இறங்க உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்றே உடலைச் சோதித்து, இடுக்கியால் நேராக இழுத்து அகற்றுவது பெரிதும் பயன் தரும். பின்னர் விரிந்து பரவும் செந்தடிப்பு தோன்றினால், தொடக்க வாரங்களில் இரத்தப் பரிசோதனை தவறக்கூடும் என்பதால், மருத்துவர் அத்தடிப்பைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்குவார். அந்நிலையில் டாக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து பெரும்பாலும் 10 முதல் 14 நாள் போதும். விட்டுவிட்டால் முகவாதம், இதயத்துடிப்புக் கோளாறு, முழங்கால் வீக்கம் வரை செல்லலாம்.