சட்டம் கேளுங்கள்: குழந்தைக்கு எவ்வளவு ஜீவனாம்சம்?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து வாழ்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு, என்னுடன்தான் இருக்கிறான். கணவருக்கு ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலை. ஆனால் வீட்டுக் கடன், பர்சனல் லோன் எல்லாம் போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறார். நானும் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் 25 சதவீதம் கிடைக்கும் என்று தோழி சொல்கிறாள், உண்மையா?
- வாசகி, திருச்சி

பதில்: இந்த 25 சதவீதத்தைச் சொல்லாத ஆளே இல்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாதும்மா. 2017-ல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கு நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலேயே, கணவருக்கு மறுமணமாகி இன்னொரு குழந்தையும் இருக்கிறது என்று 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள். ஆக, அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

நீதிபதி உண்மையில் எதைப் பார்ப்பார்? 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களைத்தான் இப்போது எல்லா நீதிமன்றமும் பின்பற்ற வேண்டும். அதன்படி நீங்களும் சரி, அவரும் சரி, சம்பளம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும், அதில் பொய் சொன்னால் தனியாக நடவடிக்கை வரும். வருமான வரி மாதிரி கட்டாயப் பிடித்தங்களைக் கழித்துப் பார்ப்பார்கள். அவராக வாங்கிய பர்சனல் லோனையும், தன் பேரில் சொத்து சேர்க்கக் கட்டும் இ.எம்.ஐ.யையும் காட்டி ‘மிச்சமில்லை’ என்றால் பொதுவாக எடுபடாது.

குழந்தையின் பக்கம் சாப்பாடு, துணி, தங்கும் இடம், மருத்துவம், படிப்பு. டியூஷன், பாட்டு, விளையாட்டு வகுப்புக்கும் கேட்கலாம், ஆனால் நியாயமாகக் கேளுங்கள், ஊதிப்பெருக்கிய பட்டியல் குறுக்கு விசாரணையில் இரண்டே கேள்வியில் கிழிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் நிஜச் செலவையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஃபீஸ் ரசீது, மருந்து பில், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போடுங்கள். உங்களுக்குச் சம்பளம் வருகிறது என்பதால் அவர் பொறுப்பு போய்விடாது. பள்ளிச் செலவை இருவர் வருமானத்துக்கும் ஏற்றபடி பிரித்துக் கட்டச் சொல்லலாம்.

மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்பதும் அதே ரஜ்னேஷ் - நேகா தீர்ப்பில் இருக்கிறது. ஜீவனாம்ச மனு போடும் சட்டப் பிரிவு எது என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-வது பிரிவுதான், 2024 ஜூலை முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. எந்த மதத்தினரும் போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

கேள்வி: பரஸ்பர விவாகரத்தில் ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது மகளுக்காகக் கேட்க முடியுமா?
- வாசகி, சேலம்

பதில்: முடியும். நீங்கள் விட்டுக்கொடுத்தது உங்கள் பங்கை. மகளின் உரிமையை அவளுக்காக நீங்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

கேள்வி: மாதாமாதம் பணம் கட்டுகிறேன், ஆனால் பையனைப் பார்க்க விடுவதில்லை. பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் போலிருக்கிறது. நிறுத்தலாமா?
- வாசகர், மதுரை

பதில்: உங்கள் கோபம் புரிகிறது சார், ஆனால் நிறுத்தாதீர்கள். பார்ப்பதற்கான உரிமை வேறு வழக்கு, பணம் வேறு வழக்கு. பார்க்க விடவில்லையென்றால் குடும்பநல நீதிமன்றத்தில் அதற்கென மனு போடுங்கள், ஏற்கெனவே உத்தரவு இருந்தால் அதை நிறைவேற்றச் சொல்லிக் கேளுங்கள். பணத்தை நிறுத்தினால் வாரண்ட் வரும், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது, உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிற்கும். நிஜமாகவே வேலை போய்விட்டது, வருமானம் குறைந்துவிட்டது என்றால் தொகையைக் குறைக்கக் கேட்டு மனு போடலாம். வேண்டுமென்றே வேலையை விடும் யோசனை இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், உடம்பில் தெம்பிருக்கிற ஆள் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று: பாக்கி விழுந்தால், அந்தத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு மனு போட வேண்டும். ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்பதை நம்பி ஓராண்டைத் தாண்டவிட்டால் அந்தப் பாக்கிக்கு இந்த வழியில் வாரண்ட் வாங்க முடியாது.