மகள் டொரண்டோவில், மனசு கோபியில்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்களுக்கு கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊர். போன ஆகஸ்டில் என் மகள், மாப்பிள்ளை, மூன்று வயதுப் பேரன் மூவரும் டொரண்டோவுக்குக் குடிபோனார்கள். இங்கே டீச்சராக இருந்த மகள் அங்கே வீட்டோடு இருக்கிறாள். சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்து காலை ஆறரைக்கு நான் உட்கார்ந்தால் வீடியோ காலில் வருவாள். மஞ்சள் என்ன விலை, யார் வீட்டில் சீர், செவலை கன்னு போட்டுவிட்டதா என்று எல்லாம் கேட்பாள். கடைசியில் அழுகைதான். "நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிருதுங்மா, பேச ஒரு ஆளில்லை" என்கிறாள். போன வாரம் மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, உங்ககிட்டப் பேசி வெச்சதுக்கப்புறமும் ரொம்ப நேரம் அழுதுட்டே இருக்கறா" என்றார். "பேசாம கிளம்பி வந்துரு கண்ணு" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லலாமா?

அன்புள்ள அம்மா,

இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். வெயிலிலேயே வளர்ந்தவளுக்கு இது முதல் பனிக்காலம். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் பலருக்கு மனமும் சோர்ந்துபோகும். போதாததற்கு, ஒரு வகுப்பே "மிஸ், மிஸ்" என்று சுற்றிவந்த பெண்ணுக்கு இப்போது நாலு சுவர்தான். இந்த நேரத்தில் ஊர் திரும்பும் முடிவை எடுத்தால் அது சோர்வு எடுத்த முடிவாகிவிடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? உங்களுடைய காலை ஆறரை, பனிக்காலத்தில் அங்கே முந்தின நாள் இரவு எட்டு. மாப்பிள்ளை வீடு திரும்பி, மூவரும் சேர்ந்து சாப்பிட வேண்டிய நேரம். அந்த நேரத்தில் அவள் கோபியில் இருக்கிறாள். அதனால் போனை உங்கள் இரவு ஏழரைக்கு மாற்றுங்கள். அங்கே அப்போது காலை ஒன்பது, அவளுக்கு முழு நாளும் பாக்கி இருக்கும். பேச்சை முழுக்க நிறுத்திவிடாதீர்கள், அது அவளைத் தள்ளிவிட்டதாகவே படும். அழுதால் அழட்டும், உடனே வழி சொல்லப் போகாதீர்கள். ஊர்க்கதையைக் கொஞ்சம் குறைத்து, அவள் அங்கே யாரைப் பார்த்தாள், பையன் எங்கே விளையாடினான் என்று கேளுங்கள்.

டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 'எர்லிஆன்' என்று மையங்கள் உண்டு. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளோடு தாய்மார்கள் இலவசமாகப் போய் உட்காரலாம். பேரனுக்கு விளையாட்டு, அவளுக்குப் பேச்சுத்துணை. நகர நூலகத்திலும் அங்கே குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது, தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். நம் பேச்சு காதில் விழுந்தாலே பாதித் தனிமை போய்விடும். அரசுப் பள்ளியில் டீச்சராக அந்த மாகாணத்தின் ஆசிரியர் உரிமம் வேண்டும். நாளாகும், ஆனால் சான்றிதழ்களைத் திரட்டும் வேலையை இப்போதே தொடங்கலாம். இங்கே படித்த கல்லூரியில் வாங்க வேண்டிய காகிதங்களுக்கு நீங்கள் நடையாக நடக்கலாமே! "வந்துரு" என்பதைவிட அது அவளுக்குப் பெரிய பலம்.

மாப்பிள்ளை குறை சொல்லவில்லை என்றே நினைக்கிறேன், துணை கேட்கிறார். இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவள் சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் தாமதிக்காமல் அங்குள்ள குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்க வேண்டும். கனடா முழுக்க எந்நேரமும் எடுப்பார்கள். உங்களுக்கும் மனசு தாங்கவில்லை என்றால் இங்கே 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.