ஒழுகும் சன்ரூம் கூரை: மூன்று விலைமதிப்பீடுகளில் எதை ஏற்பது?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள மார்க்கம் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறச் செங்கல் சுவரோடு சேர்த்து, முந்தைய உரிமையாளர் ஒரு சன்ரூம் (வெயில் வரும்படி பெரிய கண்ணாடிகள் வைத்த அறை) கட்டியிருந்தார். இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே நுரை அடைத்த பலகைகளால் ஆன அதன் கூரைக்குச் சாய்வு மிகக் குறைவு. காற்றோடு மழை பெய்யும்போதும், மார்ச் மாதத்தில் பனி உருகும்போதும், வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியில் நீர் சொட்டுகிறது. மூன்று ஒப்பந்தகாரர்களிடம் விலை கேட்டோம். எல்லா இணைப்புகளிலும் சிலிக்கன் பூச ஒருவர் 650 டொலர் கேட்டார். பழைய கூரையின் மேல் ரப்பர் விரிப்புப் போட இரண்டாமவர் 7,200 டொலர் கேட்டார். மூன்றாமவர் எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்ட 41,000 டொலர் என்கிறார். அன்றே கையெழுத்திட்டால் பத்து வீதம் கழிவு உண்டாம். எதை ஏற்பது?

பதில்: இப்போதைக்கு மூன்றையும் ஏற்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மூவரும் தாங்கள் விற்கும் வேலையைத்தான் சொல்லியிருக்கிறார்களே தவிர, நீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாமல் கொடுக்கும் பணம் 650 டொலராக இருந்தாலும் வீண்தான்.

முதலில், அது ஒழுக்குத்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வெப்பமூட்டாத சன்ரூமுக்குள் சமையலறையின் ஈரக்காற்று புகுந்தால், இரவில் குளிர்ந்த அலுமினியச் சட்டங்களில் அது உறைபனியாகப் படிந்து, காலை வெயில் பட்டதும் உருகிச் சொட்டும். பார்ப்பவருக்கு அது கூரை ஒழுக்குப் போலவே தெரியும். மழையோ பனியுருக்கமோ இல்லாத, வானம் தெளிந்த குளிர்காலக் காலையிலும் நீர் சொட்டினால் அது ஈரப்பதத்தின் வேலை. அதைக் கூரைக்காரரால் சரிசெய்ய முடியாது. உங்கள் வீட்டிலோ காற்று மழையிலும் பனி உருகும்போதும், அதுவும் சுவரோரத்தில் மட்டும், சொட்டுகிறது என்பதால், எனது சந்தேகம் கூரைப் பலகைகளைவிடக் கூரையும் சுவரும் சேரும் இடத்தின் மீதே விழுகிறது.

அந்த இடத்தில் ஃபிளாஷிங் எனப்படும் உலோகத் தகடு இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு செங்கல் வரிகளுக்கிடையிலான சாந்துக்குள் வெட்டிச் செருகப்பட்டிருக்க வேண்டும் என்பதே முறை. ஆனால் அவசரத்தில் கட்டப்பட்ட பல சன்ரூம்களில், தகட்டைச் செங்கலின் முகத்தில் திருகாணியால் பொருத்தி, மேலே ஒரு கோடு சிலிக்கன் இழுத்து விட்டுவிடுகிறார்கள். கோடையில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் அசையும் உலோகத்தோடு அந்தக் கோடு சில ஆண்டுகளில் பிளந்துவிடும். பனி காலத்தில் மேற்கூரையிலிருந்து சரிந்து விழும் பனியும் இதே மூலையில்தான் குவிகிறது. அடியில் உருகும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, கீழ்நோக்கி ஓடும் மழைநீர் எட்டாத இடுக்குகளுக்குள்ளும் ஏறிவிடும். மேற்கூரைப் பீலியின் குழாய் நேராகச் சன்ரூம் கூரையின் மேல் நீரைக் கொட்டுகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் அந்தக் குழாயைக் கீழ்ப் பீலிவரை நீட்டுவதுதான் முதற்செலவாக இருக்க வேண்டும். அது சிறிய செலவு, பயனோ பெரிது.

இதைவிட மறைவான இன்னொரு வழியும் உண்டு. ஒன்ராறியோ வீடுகளின் செங்கல் பெரும்பாலும் வெளிப்போர்வை மட்டுமே. பலத்த காற்று மழையில் செங்கல் நீரை உறிஞ்ச, அது செங்கலின் பின்னாலுள்ள இடைவெளியில் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும் என்ற எண்ணத்தில்தான் அந்தச் சுவர் கட்டப்படுகிறது. பின்னர் அந்தச் சுவரின் நடுவில் ஒரு சன்ரூம் கூரையை ஒட்டினால், முன்பு வெளியே வடிந்த நீர் இப்போது உங்கள் அறைக்குள் வடியும். இதைத் தடுக்கக் கூரை மட்டத்தில் செங்கலை அகற்றி, சுவரின் ஊடாகத் தகடு வைத்து, நீர் வெளியேறத் துளைகள் விட வேண்டும். உங்கள் பிரச்சினை இதுவாக இருந்தால், 7,200 டொலர் ரப்பர் விரிப்பைப் போட்ட பின்னரும் அடுத்த காற்று மழையில் அதே இடத்தில் நீர் சொட்டும்.

எந்த வழி என்பதைக் கண்டறிய ஒரு தோட்டக் குழாய் போதும். உறைபனி இல்லாத நாளில், ஒருவர் உள்ளே விளக்குடன் நிற்க, மற்றவர் ஏணியில் நின்று கூரையின் தாழ்ந்த விளிம்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்குவது முக்கியம். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லா இடுக்குகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. பலகைகளின் இணைப்பையும் திருகாணித் தலைகளையும் தாண்டி, ஃபிளாஷிங் வரை வறட்சியாக இருந்து, அதற்கு மேலுள்ள செங்கலை நனைக்கும்போது மட்டும் சொட்டினால், விடை கிடைத்துவிட்டது. கூரையின் மேல் நீங்கள் ஏற வேண்டாம். இதைச் செய்து தரும்படி ஒப்பந்தகாரரிடமே கேளுங்கள், அல்லது கூரை வேலை விற்காத ஒரு கட்டடப் பரிசோதகருக்குச் சில நூறு டொலர் கொடுத்து எழுத்தில் அறிக்கை பெறுங்கள். சோதனை செய்ய மறுக்கும் ஒப்பந்தகாரரை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

இனி அந்த மூன்று மதிப்பீடுகளுக்கு வருகிறேன். சிலிக்கன் பூசுவது, திருகாணிகளின் ரப்பர் வளையம் வெடித்திருப்பது போன்ற சிறு குறைகளுக்குப் பொருந்தும். அப்போதும் பழைய சிலிக்கனை முழுதாகச் சுரண்டி எடுத்த பின்னரே புதியது பூசப்பட வேண்டும், ஏனெனில் பழையதன் மேல் புதியது சரியாக ஒட்டாது. யாராவது கறுப்புத் தாரைப் பூச வந்தால் தடுத்துவிடுங்கள்: அது விரைவில் இறுகி வெடிப்பதோடு, பின்னர் ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர் விரிப்புப் போட நினைத்தால் பெற்றோலியம் கலந்த அந்தத் தார் ரப்பரையும் கெடுத்துவிடும். விரிப்பு, குறைந்த சாய்வுள்ள கூரைக்கு நல்ல தெரிவுதான். பன்னிரண்டு அங்குல நீளத்துக்கு இரண்டு அங்குலம்கூட இறங்காத கூரையில் ஷிங்கிள் எனப்படும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சாதாரணக் கூரைத் தகடுகளைப் போடவே கூடாது. ஆனால் விரிப்பின் விளிம்பு சுவரில் எவ்வளவு உயரம் ஏறும், ஃபிளாஷிங் சாந்துக்குள் வெட்டிச் செருகப்படுமா, ஈரமேறிய பலகைகள் மாற்றப்படுமா என்பவை மதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இடித்துக் கட்டுவதற்குக் காரணம் தேவை: தாங்கும் மரம் உக்கியிருக்க வேண்டும், அல்லது சட்டகம் பனியின் பாரத்தைத் தாங்காது என்று பொறியியலாளர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது கட்டட அனுமதியே இல்லாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசியதை மாநகரசபையில் கேட்டு இப்போதே அறிந்துகொள்ளுங்கள். முந்தையவர் செய்த தவறானாலும் இன்றைய உரிமையாளர் நீங்கள்தான்.

'இன்றே கையெழுத்திடுங்கள்' என்பவருக்கு அவசரம் இருக்கலாம், உங்களுக்கு இல்லை. ஒருவேளை வீட்டிலேயே கையெழுத்திட்டுவிட்டாலும், 50 டொலருக்கு மேற்பட்ட அத்தகைய ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கைக்கு வந்த பின் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்ய ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீடு குறிக்கப்பட்டிருந்தால், மேலதிக வேலைக்கு நீங்கள் புதிதாக ஒப்புதல் தராதவரை, இறுதித் தொகை அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. விலையில் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி சேர்ந்ததா, சேராததா என்பதையும் கேளுங்கள். 'காசாகத் தந்தால் வரி இல்லை' என்பவரிடம் பின்னர் உத்தரவாதத்தைக் காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இராது. பொறுப்புக் காப்புறுதிச் சான்றையும், டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலையிடக் காப்புறுதிச் சபையின் அனுமதிச் சான்றையும் வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டும். முற்பணத்தைச் சிறிதாக வைத்து, கடைசிப் பகுதியை முதல் பெருமழைக்குப் பின் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிப்பதில்லை.

கேள்வி: சென்ற ஆண்டு ஒருவர் ஐந்து ஆண்டு உத்தரவாதத்துடன் எங்கள் சன்ரூமின் பொலிகார்பனேற் கூரையை மாற்றினார். அதே குளிர்காலத்தில் ஒழுகத் தொடங்கிவிட்டது. இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. வேறொருவரை வைத்துத் திருத்தலாமா?

பதில்: உடனே வேண்டாம். பொலிகார்பனேற் என்ற கடின பிளாஸ்டிக், வெப்பத்தில் பெருமளவு விரியும் பொருள். கடுங்குளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடையில் 70 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் 3 மீற்றர் நீளத் தகடு ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். திருகாணித் துளைகளைப் பெரிதாக இடாமல் இறுக்கிப் பூட்டியிருந்தால், துளையைச் சுற்றி வெடிக்கும். இது பொருளின் குறையல்ல, வேலையின் குறை. ஆகவே தகட்டை அகற்றுவதற்கு முன்னர் அந்தத் துளைகளையும் வெடிப்புகளையும் திகதியுடன் படமெடுங்கள். புதியவர் கையை வைத்துவிட்டால், 'மற்றவர் கெடுத்தார்' என்று பழையவர் சொல்ல வழி பிறந்துவிடும்.

அடுத்து, குறையை விவரித்து, வந்து திருத்தக் குறித்த ஒரு நாளைத் தந்து, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் இன்னொருவரிடம் திருத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் பெற்று, அந்தத் தொகையைச் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் கேட்கலாம். அங்கு கோரக்கூடிய உச்சத் தொகை 2025 ஒக்டோபர் முதல் 50,000 டொலர். வழக்கமாகக் குறை தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பதால், உத்தரவாதம் ஐந்து ஆண்டு என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். இடைக்காலத்தில் கூரைமேல் தார்ப்பாய் போடலாம். மேலும் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதை நீதிமன்றமும் எதிர்பார்க்கும். அதற்கான பற்றுச்சீட்டையும் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தச் செலவை வீட்டுக் காப்புறுதி தருமா?

பதில்: மெதுவாகக் கசிந்த நீரும், தேய்மானமும், பிழையான வேலையும் வழக்கமான காப்புறுதிகளில் விலக்கப்பட்டவை. புயல் கூரையைப் பெயர்த்து, அந்தத் துவாரத்தால் மழை புகுந்து நிலமும் தளபாடமும் கெட்டிருந்தால் கேட்டுப்பார்க்கலாம். ஆனால் அதற்கு முன், இப்படி ஒரு சன்ரூம் இருப்பது உங்கள் காப்புறுதி ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.