அரசியல் பேசும் மகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை என்று மேடைமேடையாகப் பேசி ஊரில் பெயர் வாங்கியிருக்கிறாள். இஞ்சினியரிங் வேண்டாம், பல துறைகளையும் சேர்த்துப் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ்தான் என்கிறாள். இங்கே அசோகா, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகங்கள், அமெரிக்காவில் ஓபர்லின், ஸ்வார்த்மோர் கல்லூரிகள் என்று பட்டியல் வைத்திருக்கிறாள். தன்னைப் போல யோசிக்கிறவர்கள் இருக்கும் இடமாக வேண்டுமாம். இந்த அரசியல் பேச்சு அடங்குகிற இடமாகப் பார் என்கிறார் என் கணவர். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கேள்வி வருமாம். எதைத் தேர்ந்தெடுப்பது?

ம., சென்னிமலை

அன்புள்ள ம.,

இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவருக்கு. ஒரு பெண் தன் ஊர் ஆற்றை நினைத்துக் கவலைப்படுகிறாள். அதை வியாதி மாதிரி குணப்படுத்தி அனுப்பும் கல்லூரியையா தேடுகிறீர்கள்? இன்னும் கண்ணில் காணாத ஒரு மாப்பிள்ளைக்காக, எதிரே நிற்கும் மகளின் புத்தியைச் சுருட்டி வைக்கச் சொல்வது அநியாயம். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

ரேங்க் பட்டியல்களை விடுங்கள். கட்டணம் அதிகம்தான், அசோகாவிலும் அசிம் பிரேம்ஜியிலும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், கேளுங்கள். அமெரிக்கா என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அந்த அரசு அறிவித்தது. பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவும் அந்த வருடம் ரத்தானது. 1835இலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்த கல்லூரி ஓபர்லின். ஆனால் விசா கல்லூரியின் கையில் இல்லை.

எனக்கு உறுத்துவது உங்கள் மகளின் ஆசைதான். தன்னைப் போல யோசிக்கிறவர்கள் நடுவில் போய் உட்கார எதற்கு ஒரு கல்லூரி?

என் மாமா ஒருவர் பெருமாநல்லூர் பக்கம் விவசாயி. 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது அங்கே போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அதற்கப்புறம் மாமா, விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் முழுமூச்சாக இறங்கிவிட்டார். அதிகம் படிக்காதவர். மோட்டார் ரூம் சுவரில் ஒரு கம்பியை வளைத்து மாட்டி, கரண்ட் பில்களை வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். அதிகாரிகளைப் பார்க்கப் போவதற்கு முந்தின ராத்திரி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னைத் திண்ணைக்குக் கூப்பிடுவார். "நீதான் கரண்ட் ஆபீஸ் இஞ்சினியரு. நாங்க எதுக்குக் கூடக் கட்டோணும்னு சொல்லு கண்ணு." நான் முழிப்பேன். நிலக்கரிச் செலவு, லைன் இழுக்கும் செலவு, கம்பியிலேயே வீணாகும் மின்சாரம் என்று அவரே எடுத்துக் கொடுப்பார். நான் அதை இளக்காரமாகச் சொன்னால் கோபம் வந்துவிடும். "அவன் நாயம் தெரியாமப் போனா, கத்தீட்டுத்தான் வரோணும்" என்பார். செத்துப்போன மூன்று பேரை ஒரு நாளும் மறக்காத மனிதர் சொன்னது அது.

உங்கள் மகளுக்கு அந்தத் திண்ணை வேண்டும். ஒரத்துப்பாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்காக 1992இல் திறந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கிணறும் தோப்பும் கெட்டுப்போன விவசாயிக்கு அது நியாயம். அன்றைக்கு வேலையிழந்த பட்டறைத் தொழிலாளிக்கு? பனியனை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கொடுக்கும் விலையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு அடங்குமா? இதற்குப் பதில் தேட வேதியியல் கொஞ்சம், சட்டம் கொஞ்சம், பொருளாதாரம், வரலாறு எல்லாம் வேண்டும். இப்படிச் சேர்த்துப் படிக்கத்தான் லிபரல் ஆர்ட்ஸ். மேடையில் கைதட்டல் வாங்க இதெல்லாம் தேவையே இல்லை.

அதனால் கல்லூரியின் அரசியல் நிறத்தை விசாரிக்காதீர்கள். முதல் வருடம் என்ன படிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். சாதி ஒழிப்பைப் பற்றி அம்பேத்கர் எழுதியதைப் படிக்கச் சொல்பவர்கள், காந்தி எழுதிய மறுப்பையும், அதற்கு அம்பேத்கர் கொடுத்த பதிலையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்களா? அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் திருத்திய கட்டுரைத் தாளை வாங்கிப் பாருங்கள். ஓரங்களில் ஆசிரியர் எழுதிய கேள்விகள் இருக்கின்றனவா? மார்க் மட்டும்தான் இருக்கிறதென்றால் அந்த இடம் வேண்டாம்.

ஆசிரியர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். அரசை விமர்சித்து எழுதிவந்த பேராசிரியர் பிரதாப் பானு மேத்தா 2021இல் அசோகாவிலிருந்து விலகினார். 2023இல், தேர்தலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை சர்ச்சையானபின் அங்கே பொருளாதாரம் கற்பித்த சப்யசாசி தாஸ் விலகினார். சக ஆசிரியர்களும் மாணவர்களும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். உங்கள் மகள் இந்த இரண்டு விவகாரங்களையும் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

பட்டியலில் கோவை அரசு கலைக் கல்லூரியையும் சேருங்கள். முகம் சுளிக்க வேண்டாம். தண்ணீர் கெட்டுப்போன விவசாயியின் பிள்ளையும் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு, பணம் கொழிக்கும் வளாகங்களில் கிடைப்பது கஷ்டம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், சாயப்பட்டறைக்காரர் தரப்பை நாலு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவரே படித்தாலும் "ஆமாம், என் பக்கம் இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் திருத்தி அனுப்புகிறேன்.