13 வருஷம் கழிச்சு வந்த டூல் ஆல்பம் ரசிகர்கள ஏன் ரெண்டா பிரிச்சுது?

கேள்வி இதான்: அமெரிக்க மெட்டல் பேண்ட் டூல் 2006க்கு அப்புறம் 2019ல விட்ட 'ஃபியர் இனாகுலம்' ஆல்பத்த சிலர் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க, சிலர் இதுக்கா இவ்ளோ வருஷம் காத்துக் கெடந்தோம்னு நொந்துக்கறாங்க, ஏன் அப்படி, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

நான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன். முதல் ஒரு மாசம் நொந்துக்கிட்ட கூட்டத்துலதான் இருந்தேன். இன்னிக்கு அதுல இருக்கற மூணு பாட்டு டூல் போட்டதுலயே எனக்கு ரொம்ப பிடிச்சதுங்கள்ல வந்துடுச்சு, மிச்ச பாட்டுங்க மேல அன்னிக்கு இருந்த வருத்தம் அப்படியே இருக்கு. இவ்ளோ சண்டைக்கும் காரணம்னு நான் நெனைக்கறது ஒண்ணுதான்: நீங்க டூலுக்குள்ள மேனார்ட் ஜேம்ஸ் கீனன் குரல் வழியா வந்தீங்களா, டேனி கேரி டிரம்ஸ் வழியா வந்தீங்களா?

நான் குரல் வழியா வந்தவன். காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்ல இருந்து டூலோட '10,000 டேஸ்' ஆல்பத்த காப்பி பண்ணிட்டு வந்தேன். அதுல மேனார்டோட அம்மாவ நெனச்சு ரெண்டு பாட்டு அடுத்தடுத்து வரும். அவங்க 27 வருஷம் பக்கவாதத்துல கெடந்தவங்க, அது கிட்டத்தட்ட பத்தாயிரம் நாள், ஆல்பம் பேரே அங்கேர்ந்து வந்ததுதான். அப்போ எங்க ஆயா படுத்த படுக்கையா இருந்தாங்க, லீவுக்கு ஊருக்குப் போனா ராத்திரி அவங்க கட்டில் பக்கத்துல பாய் போட்டு ஒரு காதுல மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கிட்டு (இன்னொரு காது அவங்க கூப்பிட்டா கேக்கணும்ல) அந்த ரெண்டு பாட்டையும் திரும்பத் திரும்ப கேப்பேன். அந்தக் குரலுக்குத்தான் நான் காத்திருந்தேன்.

காத்திருப்புன்னா சும்மா இல்ல. 96ல 'ஏனிமா', 2001ல 'லேட்டரலஸ்', 2006ல '10,000 டேஸ்', சரி அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு போல, 2011ல வந்துடும்னு நம்புனோம். வரல. இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒரு கேஸ் வருஷக்கணக்கா இழுத்து 2015லதான் முடிஞ்சுது. மேனார்ட் ஒரு பக்கம் அரிசோனால திராட்சத் தோட்டம், ஒயின்னு இருந்தாரு, நடுவுல பசிஃபர், எ பெர்ஃபெக்ட் சர்க்கிள்னு அவரோட மத்த பேண்ட் ஆல்பமெல்லாம் வந்துச்சு, டூல் மட்டும் வரல. 2019 மே மாசம் மேடைல ரெண்டு புதுப் பாட்டு வாசிச்சப்போ செல்ஃபோன்ல எடுத்த கரகர வீடியோவ நான் எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே கெடையாது.

ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழம ஆல்பம் வந்துச்சு. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரூம்ல, நல்ல ஸ்பீக்கர்ல ரெண்டு பேரும் ஒக்காந்து முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேட்டோம், 86 நிமிஷம். அவன் சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டவன், இப்ப டிரம்ஸ் வாசிக்கறான். கடைசி பாட்டு 'டெம்பெஸ்ட்', பேர்ல முதல் எழுத்துக்கு பதிலா 7னு போட்டிருப்பாங்க, அந்த ஏழுங்கற எண் ஆல்பம் முழுக்கவே சுத்தி சுத்தி வரும். அந்தப் பாட்டுல 21 எண்ணிக்கைல ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) இருக்கு, கிட்டார் வாசிக்கற ஆடம் ஜோன்ஸ் ரொம்ப வருஷமா கைல வச்சிருந்தது. அது ஓட ஓட இவன் தொடைல தட்டிக்கிட்டே தகிட தகதிமி, தகிட தகதிமி, தகிட தகதிமினு மூணு தடவ சொல்லி சரியா சமத்துல, அதாவது தாளம் திரும்ப ஆரம்பிக்கற எடத்துல, வந்து கைய வச்சான், என்னப் பாத்து சிரிச்சான், திரும்ப எண்ணினான். அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு, நெசமாவே சொல்றேன். நான் அதே நேரத்துல மேனார்ட் எப்படா திரும்ப பாடுவார்னு காத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் கேட்டது ஒரே பாட்டுதான்.

இதுக்குக் காரணம் அவங்க பாட்டு பண்ற விதத்துலயே இருக்கு. ஜோன்ஸ், பேஸ் வாசிக்கற ஜஸ்டின் சான்சலர், கேரி மூணு பேரும் ஒக்காந்து வாசிச்சு வாசிச்சு இசைய முதல்ல செதுக்குவாங்க, மேனார்ட் அதுக்கு மேல அப்புறமாத்தான் வரி எழுதி பாடுவாரு. எப்பவும் அப்படித்தான். ஆனா இந்தத் தடவ அந்த மூணு பேரும் வருஷக்கணக்கா செதுக்குனதுல இசையே ரொம்ப அடர்த்தியாயிடுச்சு, பெரிய பாட்டெல்லாம் பத்து நிமிஷத்துக்கு மேல போகுது, குரல் அங்கங்க கெடச்ச எடத்துல ஒக்காந்துக்குது. கத்தல் கிட்டத்தட்ட இல்ல, அவருக்கும் அப்போ 55 வயசு. மேடைலயே மனுஷன் பல வருஷமா முன்னாடி வந்து நிக்கறதில்ல, பின்னாடி டிரம்ஸ் பக்கத்துல இருட்டுல நின்னுதான் பாடுவாரு, இந்த ஆல்பத்துலயும் அங்கதான் நிக்கறாருன்னு எனக்குத் தோணும். 'ஏனிமா' காலத்து கோவத்த தேடி வந்தவங்களுக்கு டெம்பெஸ்ட்ல மட்டும் கொஞ்சம் கெடச்சுது, அதுலயும் நடுவுல ரொம்ப நேரம் கிட்டார்தான். அந்தப் பாட்டுக்குத்தான் 2020ல கிராமி கெடச்சுது.

என் மனசு மாறினது இதே ஆல்பத்துல இருக்கற 'நியூமா' பாட்டால. 2020 ஆரம்பத்துல கேரி அந்தப் பாட்ட மேடைல வாசிக்கறத அவர் மேல மட்டும் கேமரா வச்சு எடுத்த வீடியோ வந்துச்சு, பாக்காதவங்க தயவு செஞ்சு பாருங்க. நடுவுல கிட்டார் அடங்கி பாட்டு மூச்சு வாங்கற மாதிரி ஒரு எடம் வரும், அங்க எலக்ட்ரானிக் பேட்ல தபலா மாதிரி சத்தம் வர வைப்பாரு. அவர் தபலாவ முறையா குரு வச்சு கத்துக்கிட்டவர், அது கைல தெரியும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போய் எல்லாம் ஒண்ணா வந்து இறங்கற அந்த எடத்துல 58 வயசு மனுஷன் மொகத்துல ஒரு அவசரமும் இல்ல. அன்னிக்கு நைட்டே ஆல்பத்த முதல்லேர்ந்து போட்டேன், இந்தத் தடவ குரலத் தேடாம டிரம்ஸ் பின்னாடியே போனேன், அப்பத்தான் நான் இது வரைக்கும் இந்த ஆல்பத்த கேக்கவே இல்லன்னு புரிஞ்சுது.

அதுக்காக குறை சொல்றவங்கள காது இல்லாதவங்கன்னு பேசறத என்னால ஏத்துக்க முடியாது. அவங்க சொல்றதுல நெறய நெசம். 'கல்லிங் வாய்சஸ்' பாட்டு எனக்கு இன்னும் ஒட்டல, மெதுவா ஆரம்பிக்கும்போதே கடைசில எங்க போகும்னு தெரிஞ்சுடுது. இடையில வர்ற குட்டி குட்டி சத்தத் துண்டுங்கள்ல கேரியோட 'சாக்லேட் சிப் ட்ரிப்' தவிர மத்தது இல்லன்னாலும் நான் தேட மாட்டேன். சில ரிஃப் 'லேட்டரலஸ்' ஞாபகத்த அப்படியே கொண்டு வருது. அப்புறம் அந்த சிடி, உள்ள 4 இன்ச் ஸ்கிரீன், ஸ்பீக்கர், சார்ஜர் வயர் எல்லாம் வச்சு கிட்டத்தட்ட 45 டாலருக்கு வித்தாங்க, அதுலயே 80 நிமிஷம் போலத்தான் அடங்கும்ங்கறதால 'சாக்லேட் சிப் ட்ரிப்' தவிர மத்த சின்னத் துண்டுங்கள விட்டுட்டாங்க. 13 வருஷம் காத்திருந்தவன்கிட்ட அந்த வெல கேட்டது தப்புன்னுதான் நான் இன்னிக்கும் சொல்வேன். இருந்தும் முதல் வாரமே அமெரிக்கால 2,70,000 ஆல்பம் கணக்குல போய் டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பத்த எறக்கி ஆல்பம் லிஸ்ட்ல முதல் எடத்துல ஒக்காந்துச்சு, டைட்டில் பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல இருந்தும் அங்க டாப் நூறு பாட்டு லிஸ்டான ஹாட் 100 உள்ள நொழஞ்சுது.

இன்னொண்ணு, டூலோட பழைய ஆல்பமெல்லாம் ஸ்ட்ரீமிங்ல வந்ததே அந்த ஆகஸ்ட் மாசம்தான். எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி முதல் தடவையா டூல் கேட்டது அப்பத்தான், எல்லாத்தையும் ஒரே வாரத்துல கேட்டான், அவனுக்கு காத்திருப்பே கெடையாது. இந்த ஆல்பத்துல வர்ற 'இன்வின்சிபிள்'தான் டூல்லயே பெஸ்ட் பாட்டுன்னு சொல்வான். வயசான போர்வீரன் ஒருத்தன் இன்னும் களத்துல நிக்கப் போராடற பாட்டு அது, 22 வயசுப் பையனுக்கு அது எப்படி இவ்ளோ பிடிச்சுதுன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன்.

கேள்வி கேட்டவர் இன்னும் கேக்கலன்னா முதல்ல 'நியூமா', அப்புறம் 'டிசெண்டிங்', நல்ல ஹெட்ஃபோன்ல, வேற வேல பாக்காம. டெம்பெஸ்ட கேக்கறப்போ தகிட தகதிமி எண்ணிப் பாருங்க, கை சமத்துல விழுந்துச்சுன்னா கமெண்ட்ல வந்து சொல்லுங்க, என் ஃப்ரெண்டுகிட்ட காட்டறேன்.